பதினேழாவது கேள்வி

பிப்ரவரி 9, ஞாயிறு

வேலங்காட்டில் கணக்கெடுப்பு முடிந்தது. நாற்பத்தோரு வீடு. காலை ஆறரைக்குப் போய் உட்கார்ந்து ஒன்றரைக்கு எழுந்துவிட்டேன். எட்வின் சாருக்குப் போன் செய்து சொன்னால் அவர் நம்பவில்லை. "ஒரே ஆளாவா? எட்டுப் பக்கப் படிவமாச்சே, கோகிலம்!" என்றார். இருபத்திரண்டு வருடமாக அவருடைய தொண்டு நிறுவனத்தில் குப்பை கொட்டுகிறேன், படிவம் நிரப்பக்கூடத் தெரியாதா எனக்கு?

படிவம் வங்கி கொடுத்தது. நாம் பாஸ்புக் வைத்திருக்கிற வங்கி இல்லை இது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வளர்ச்சி வங்கி, அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கும். எங்கள் ஆற்றுக் கழிமுகத்தில் வெள்ளத் தடுப்புக் கரை கட்டக் கடன் கொடுத்திருக்கிறது. கரையால் யார் பிழைப்பெல்லாம் கெடுமோ அவர்களைக் கணக்கெடுத்து, மாற்று வழி செய்த பிறகுதான் கல் இறக்க வேண்டுமாம். அந்தக் கணக்கை மக்களோடு பழகிய தொண்டு நிறுவனம்தான் எடுக்க வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறது. இத்தனை வருடம் வெளியே நின்று கோஷம் போட்டோம். இப்போது உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். எட்வின் சாருக்கு அதில் பெரிய நம்பிக்கை. எனக்கும்தான்.

வேலங்காட்டில் எல்லாரும் கைநாட்டு, பூங்காவனம் மட்டும் கையெழுத்து. மை டப்பாவை நீட்டினேன், "அதெல்லாம் அவுங்களுக்கு" என்று தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினாள். பெயரை முழுதாக எழுத ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு பூங்காவனம் என்று நான் சொல்லச் சொல்ல, 'ம்' மேல் புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

தம்பி மகள் காதணி விழாவுக்கு இரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அத்தை வராமல் காது குத்த மாட்டோம் என்று காத்திருந்தார்கள். நல்ல பிரியாணி.

பிப்ரவரி 18, செவ்வாய்

மீனவர் குப்பத்துப் படிவங்கள் முப்பது திரும்பி வந்துவிட்டன. படகின் பதிவு எண் இல்லை, வலையின் நீளம் இல்லை, மறுபடி போய்க் கேட்டு வா என்கிறது சென்னையில் இருக்கும் ஆலோசனை நிறுவனம். குப்பத்தைக் கணக்கெடுத்த சகாயம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். என்னுடைய நாற்பத்தொன்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. "அக்காகிட்ட கத்துக்கடா" என்றார் எட்வின் சார்.

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்ய வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

பாதிக்கப்படுவோர் பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், அத்தனையும் குப்பம். வேலங்காட்டில் ஒரு வீடுகூட இல்லை.

சென்னையில் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஏதோ கோளாறு செய்திருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வேலங்காடு எங்கே என்றுகூடத் தெரியாது. இருளர் குடியிருப்பு, ஊருக்கு வெளியே, கழிமுகத்தை ஒட்டி. படகு கிடையாது, வலை கிடையாது. பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றை இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடப் பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஐந்து மணி நேரமானாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் இவர்களைச் செங்கல் சூளைக் கொத்தடிமையிலிருந்து மீட்டு இங்கே கொண்டுவந்தது நாங்கள்தான். அன்றைக்கு லாரியில் பூங்காவனம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். தண்ணீரைக் கண்டதும் லாரி நிற்பதற்குள் குதித்து ஓடினாள். சொந்தத் தொழிலுக்கு வந்துவிட்டோம் என்று அன்று ராத்திரி எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

எட்வின் சாரிடம் இன்னும் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு ரத்தக் கொதிப்பு.

மே 20, செவ்வாய்

வங்கியிலிருந்து மொஹந்தி மேடம் வந்தார். ஒரிசாக்காரர், டெல்லியில் வேலை. திட்டத்தால் மக்களுக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் பொறுப்பு. சுறுசுறுப்பான பெண். குடை பிடிக்க வந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தார். தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பு.

கரை வரப்போகும் இடத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் சேற்றுத் திட்டு தெரியும். ஏழெட்டுப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பூங்காவனம். மேடம் நின்றுவிட்டார். யார் அவர்கள், பட்டியலில் இருக்கிறார்களா, கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார்.

கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் பறி. பதில் சொல்ல வேண்டுமானால் பறியை விட வேண்டும், விட்டால் இறால் துள்ளிப் போய்விடும். பூங்காவனம் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். இரு, கரைக்கு வருகிறேன் என்று அர்த்தம். மேடம் அதை வணக்கம் என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்தார்.

"கூலி வேலை பார்ப்பவர்கள், மேடம். வேலை இல்லாத நாளில் வீட்டுக் குழம்புக்குப் பிடிக்கிறார்கள்" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? படிவத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று இருந்தால் எங்கள் நிறுவனத்தின் பெயர் என்ன ஆகும்? மேடம் நோட்டில் குறித்துக்கொண்டார். குப்பத்தில் கூட்டம் காத்திருக்கிறது என்று அவசரப்படுத்தி ஜீப்பில் ஏற்றினேன். ஜீப் திரும்பும்போது பூங்காவனம் கரையேறி, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த முறை வரும்போது நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 26, வியாழன்

கல் லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. ஒரு நாளைக்கு நாற்பது நடை. வீடெல்லாம் புழுதி. துணி காயப் போட முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

பூங்காவனம் ஆபீசுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார் என்றால் உட்காரமாட்டாள், வாசற்படியில்தான் உட்காருவாள். தேக்கிலையில் இறால் மடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"குப்பத்துக்குப் படகு போவ வழி விட்டிருக்காங்களேக்கா. எங்களுக்கு வழி எங்க?"

"அந்த வழியிலேயே நீங்களும் போகலாமே."

"அது முகத்துவாரத்துக்கிட்ட, அஞ்சு கிலோமீட்டரு. அங்க இழுப்பு ஜாஸ்திக்கா. ஒக்காந்தா ஆளையே இழுத்துக்கினு போயிடும். எங்களுக்கு என்னா பெரிய வழி? ஒரு ஆளு நொழையற மாரி சந்து விட்டாப் போதும். ஐப்பசி மழைக்குள்ள விட்ரணும். மழைக்குத்தான எறா ஏறும்? அந்த மூணு மாசந்தான் எங்களுக்கு வருசச் சோறு."

"மேலிடத்தில் பேசுறேன்" என்றேன்.

"நீ பேசுனா நடக்கும்க்கா" என்றாள். எழுந்து போகும்போது சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஏதோ கேட்க வந்தவள் போல என் மேஜையைப் பார்த்தாள். அங்கே படிவங்களின் கட்டு இருந்தது. ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

இறாலை வறுக்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வங்கியில் குறைகேட்புப் பிரிவு ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எட்வின் சார் முதலில் தயங்கினார். கூட்டாளியாக உள்ளே உட்கார்ந்துகொண்டு நாமே புகார் எழுதலாமா என்று கேட்டார். நாற்பத்தோரு குடும்பம் சார் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சூளைக் காலத்தில் அடி வாங்கிய மனுஷன் அல்லவா?

கடிதம் நான்தான் எழுதினேன். 'கணினியில் ஏற்றும்போது ஏற்பட்ட பிழை காரணமாக' என்று ஒரு வரி. அது மட்டும் எழுத அரை மணி நேரமானது.

செப்டம்பர் 8, திங்கள்

பதில் வந்துவிட்டது. கணினியில் பிழை ஏதும் இல்லையாம். மூலப் படிவங்கள் நாற்பத்தொன்றையும் படமெடுத்து இணைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பதினேழாவது கேள்விக்கு நேரே சிவப்பு வட்டம். குடும்பத்தின் முதன்மைத் தொழில் என்ன? அதற்கு நேரே என் கையெழுத்தில், கூலி, கூலி, கூலி.

எட்வின் சார் அதை அச்செடுத்து என் முன்னால் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இது எப்படிம்மா?" என்றார்.

"அவங்களே அப்படித்தான் சொன்னாங்க சார்."

"அப்போ சரி. அதையே எழுதி அனுப்பிருவோம்" என்றார். என் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. இங்கேயாவது எழுதுகிறேன்.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. முதல் மூன்று வீட்டில் ஒழுங்காகக் கேட்டேன். இறால் பிடிப்பு என்று எழுதினால் படகின் பதிவு எண், எஞ்சினின் சக்தி, வலையின் வகை, கண்ணியின் அளவு என்று மேற்கொண்டு இரண்டு பக்கம். ஒன்றையும் காலியாக விடக்கூடாது, விட்டால் படிவம் திரும்பும். கையால் பிடிப்பவர்களுக்கு அதில் இடமே இல்லை. மூன்று வீட்டுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. கூலி என்று எழுதினால் அந்த இரண்டு பக்கத்தையும் தாண்டிப் போகலாம். அந்த மூன்று படிவத்தையும் கிழித்துவிட்டு, புதிதாகப் போட்டு, நாற்பத்தொன்றிலும் கூலி என்று எழுதிக்கொண்டே போனேன்.

படிவம் போட்டவனுக்கு இந்தப் பெண்களைத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் என்னை அனுப்பினார்கள். இரண்டு மணிக்குப் பஸ் இருந்தது, பட்டுச்சேலை பையில் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அக்டோபர் 13, திங்கள்

பதினேழு நாள் காய்ச்சல். டைபாய்டு என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். இன்றுதான் ஆபீஸ் போனேன். கரை முழுதாக மூடிவிட்டது. ஏழடிக் கருங்கல், மேலே சிமெண்ட், தண்ணீர்ப் பக்கம் செங்குத்து; இறங்கினால் ஏற முடியாது. வேலங்காட்டுப் பக்கம் போகாமல் சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

தீபாவளி கழிந்து எட்டு நாளாக விடாத மழை. இன்று கொஞ்சம் விட்டது. சகாயம் போனில் ஒரு வீடியோ காட்டினான். கரைக்கு அந்தப் பக்கம் கழிமுகம் நிறைந்து இறால் ஏறியிருக்கிறது. வெளியூர் ஆட்கள் படகில் வந்து வலையால் வாரிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பக்கம் கரை மேல் வேலங்காட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் பறியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 

"ரெண்டு பேரு ஏறிக் குதிச்சுப் பாத்தாங்களாம். ஒருத்திக்குக் கால் எலும்பு முறிஞ்சிருச்சு" என்றான் சகாயம்.

சாப்பிட உட்கார்ந்தேன். தட்டை மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

எட்வின் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிழித்த மூன்று படிவத்தைக்கூட.  "நாற்காலி கேட்டு வாங்கினதே அவங்களுக்காகத்தானேம்மா" என்றார். பிறகு, "உங்க பேர்லயே எழுதுங்க. நான் தடுக்கல" என்றார்.

மொஹந்தி மேடத்துக்கு நேராக எழுதினேன். பிப்ரவரி 9, மே 20, ஆகஸ்ட் 12, செப்டம்பர் 8, நான்கு நாளும் நான் சொன்னது பொய். பெயர், கையெழுத்து.

நவம்பர் 5, புதன்

மேடம் போனில் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.  ஒன்று மட்டும் கேட்டார். "அன்றைக்கு அந்தப் பெண் கையைத் தூக்கினாளே, அது வணக்கம் இல்லையா?"

இல்லை, மேடம் என்றேன்.

டிசம்பர் 22, திங்கள்

வங்கியைக் குறை சொல்ல முடியாது. ஒன்றரை மாதத்தில் எல்லாம் செய்திருக்கிறார்கள். வேலங்காட்டுக்கு மறு கணக்கெடுப்பு. புதிய படிவத்தில் பதினேழாவது கேள்விக்குக் கீழே 'படகும் வலையும் இன்றிக் கையால் பிடிப்போர்' என்று தனிக் கட்டம். கரையில் மூன்று இடத்தில் ஆள் போகும் வழி விட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கரையை உடைத்துக் கட்டப் புது ஒப்பந்தம் போட வேண்டும், மழைக்காலத்தில் தொடக்கூடாது, அடுத்த ஆகஸ்டில் வழி திறக்கும்.

என்னை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று நினைத்தேன். மறு கணக்கெடுப்பையும் நானே எடுக்க வேண்டும் என்று மேடம் எழுதியிருக்கிறார். அதோடு, மார்ச்சில் டெல்லியில் ஒரு பயிலரங்கம். வளர்ச்சி வங்கிகளும் தொண்டு நிறுவனங்களும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யலாம் என்பதைப் பற்றி. தவற்றை ஒப்புக்கொண்டு திருத்திய முன்மாதிரி என்று எங்களைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எட்வின் சார் அழைப்பை என்னிடம் காட்டிவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் முடிந்ததும் படிவங்களை எடுத்துக்கொண்டு வேலங்காட்டுக்குப் போனேன். ஒன்பது வீட்டில்தான் ஆள் இருந்தது. கால் முறிந்த பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"மத்தவங்க எங்கம்மா?"

"முந்தாநேத்து சூளை லாரி வந்திச்சுக்கா. மழையில சம்பாரிச்சாத்தான வருசத்துக்கும் சோறு? இந்த வருசம்தான் ஒண்ணுமில்லயே. அதான் முன்பணம் வாங்கிக்கினு ஏறிட்டாங்க."

"பூங்காவனம்?"

"அவ மாட்டேன் மாட்டேன்னுதான் நின்னா. கடசியா ஏறுனது அவதான்."

முப்பத்திரண்டு குடும்பம். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் லாரியிலிருந்து நான் பேர் சொல்லிச் சொல்லி இறக்கிவிட்டவர்கள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போனார்.

பிப்ரவரி 11, புதன்

சூளையைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரமாயிற்று. எட்வின் சார் அதிகாரிகளுக்கு மனு கொடுத்திருக்கிறார். விசாரணை நடக்கும், நாளாகும். நான் படிவத்தோடு போனேன்.

பூங்காவனம் குத்தவைத்து உட்கார்ந்து செங்கல் அச்சில் மண்ணை அடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த சாக்கை உதறிப் போட்டாள். "ஒக்காருக்கா. எளச்சுட்டியே" என்றாள். அவள்தான் பாதியாக இருந்தாள்.

புதிய படிவத்தை எடுத்தேன். பெயர், ஊர், குடும்பத்தில் எத்தனை பேர். பதினேழாவது கேள்வி வந்ததும் என்னால் கேட்க முடியவில்லை. மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: கணக்கெடுக்கும் நாளில் செய்யும் தொழிலை மட்டும் குறிக்கவும்.

"கேளுக்கா. தொழிலுதான?"

"இதுல உங்களுக்குன்னு தனிக் கட்டம் போட்டிருக்காங்க பூங்காவனம். கையால் பிடிக்கிறவங்கன்னு. அதுல டிக் போடுறேன்."

"இப்ப ஏதுக்கா தண்ணி? கூலின்னே போடு. அன்னிக்கிப் போட்ட மாரி."

பேனா நின்றுவிட்டது. "அன்னைக்கு நான் என்ன போட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டத் தெரியாதா எனக்கு? நீதான கத்துக்குடுத்த. நீ எழுதறப்பவே படிச்சேன். கூ, லி. நாம கூலி இல்லியே, அக்கா ஏன் இப்டி எழுதறாங்கன்னு நெனச்சேன்."

"ஏன் கேக்கல?"

"நீ எழுதுனியேக்கா. அதுல எங்களுக்கு எதுனா நல்லது இருக்கும்னுதான் கையெழுத்துப் போட்டேன். ஜீப்பு வந்த அன்னிக்கி, சொல்லிடலாம்னு ஓடியாந்தேன். அப்பறம் ஆபீசுக்கு வந்தன்னிக்கும் கேக்கலாம்னு பாத்தேன். ஒன் மொகத்தப் பாத்து வாய் வரல."

மன்னித்துக்கொள் என்றேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.  அச்சுக்குள் காய்ந்துகொண்டிருந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரி அந்தப் பக்கத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கூலி என்று எழுதினேன். இந்த முறை அது நிஜம்.

பூங்காவனம் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு சேலையில் கையை இன்னொரு முறை துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். நான் அவசரப்படுத்தவில்லை. 'ம்' மேல் புள்ளி வைத்ததும் நிமிர்ந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, நீ கெளம்பு" என்றாள்.